அவர் சிரிக்கலை

ஐயோ, உங்களைத் தப்பு சொல்லலைக்கா. நீங்க திட்டினது நியாயந்தான். இடைவேளைக்கு முன்னாடி அப்படி ஒரு காட்சியைக் காட்டினா யாருக்குத்தான் வயிறு எரியாது? தண்ணியில தத்தளிச்சுட்டு ஒரு பொம்பளை படகு விளிம்பைப் புடிக்கிறா. இந்தப் பாவி துடுப்பாலயே அவ விரல் மேல போடறான், வளையலை வேற உருவிக்கிறான், அதுக்கு மேல ஒரு சிரிப்பு. தியேட்டரே காறித் துப்புது. நான் சொன்னது அந்தச் சிரிப்பை மட்டுந்தான். அவர் சிரிக்கலைன்னு என்னையும் அறியாம வாயில வந்துடுச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னா... உண்மையா நடந்த கதைன்னு ஆரம்பத்துல எழுத்துல போட்டாங்கல்ல, அது நிஜந்தான். அந்தப் படகுக்காரர் எங்கப்பா.

அட, எதுக்குக்கா கையெடுத்துக் கும்பிடறீங்க? நான் சண்டைக்கு வரலை. பாப்கார்னை ஏன் கீழ வெச்சுட்டீங்க, சாப்பிடுங்க. உங்க வீட்டுக்காரர் டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இவ்வளவு நேரம் இருட்டுல பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன், இப்ப சொல்லலைன்னா எனக்கே மூச்சு முட்டும்.

படத்துல காட்டற மாதிரி அவர் பெரிய படகோட முதலாளி எல்லாம் இல்லை. அது வேற ஆளு. ஆளுங்களை அடைச்சு ஏத்தி, நட்டாத்துல கவுத்துட்டு, நீந்திக் கரை ஏறி ஓடிட்டான் அவன். அவனைப் பத்தி இந்தப் படத்துல ஒரு வார்த்தை இருக்கா? எங்கப்பா ரெண்டு பேர் உக்கார்ற சின்னப் படகு வெச்சு மீன் புடிச்சுட்டிருந்த ஆளு. அலறல் கேட்டு, வலையை அறுத்துவிட்டுட்டுத் துடுப்பு போட்டுப் போனாரு. அவரை யாரும் கூப்பிடலை. கரையில நின்ன படகுக்காரங்க இன்னும் நாலஞ்சு பேர் நின்ன இடத்துலயே நின்னாங்க. அவங்க இன்னைக்கும் நல்லவங்கதான். யாரும் அவங்களை வெச்சுப் படம் எடுக்கலை.

எட்டுப் பேரைத் தூக்கிப் போட்டாருக்கா அந்தச் சின்னப் படகுல. முடியைப் புடிச்சு, சட்டையைப் புடிச்சு, எது கையில சிக்குதோ அதைப் புடிச்சு. எட்டாவது ஆள் ஏறினதும் விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு விரல்கூட இல்லையாம். அப்பதான் அந்தக் கை. படகு சாயுது, தண்ணி உள்ள வருது, உள்ள இருக்கறவங்க ஆளாளுக்குக் கத்தறாங்க. விடச் சொல்லு, விடச் சொல்லுன்னு. அவர் காப்பாத்தினவங்களேதான் கத்தினாங்க, அதையும் படத்துல காட்டலை. அடிச்சாரு. முதல் அடியில கை விடலை. மறுபடியும் அடிச்சாரு.

வளையல் எல்லாம் கட்டுக்கதை. ஆனா பாருங்க, வளையலை எடுக்கலைன்னு நான் இவ்வளவு கோவமா சொல்றேனே, எடுக்கலைன்னா மட்டும் என்ன, அந்த விரலுக்கு வலி கொறஞ்சிருக்குமா? அது எனக்கும் புரியுது.

போலீஸ், விசாரணை எல்லாம் நடந்துச்சு. படகுல இருந்த பெரியவங்க எல்லாரும் போய்ச் சாட்சி சொன்னாங்க, விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வகையா ஆளுங்க வருவாங்க வீட்டுக்கு. கால்ல விழ ஒரு கூட்டம், மண்ணை வாரித் தூத்த ஒரு கூட்டம். எங்கம்மா, அதான் அவர் சம்சாரம், கதவுலயே நின்னு ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. சாமின்னு சொல்றவங்களும் உள்ள வரவேண்டாம், பிசாசுன்னு சொல்றவங்களும் வரவேண்டாம், இங்க ஒரு மனுஷன் சாப்பிட்டுட்டிருக்காருன்னுவாங்க.

வீட்டுல எப்படின்னா, தங்கமான மனுஷன்னு சொல்லணும்னு ஆசைதான். அப்படிச் சொன்னா பொய். முன்கோபி. சீட்டாட்டத்துல பேரப்புள்ளைங்களையே ஏமாத்துவாரு, மாட்டிக்கிட்டா கண்ணு சரியாத் தெரியலைம்பாரு. சின்ன வயசுல எனக்குத் தலை பின்னிவிடறது அவர்தான். இழுத்துப் பின்னற பின்னுல கண்ணு ரெண்டும் மேல ஏறிக்கும், பள்ளிக்கூடத்துல என்னைப் பூனைன்னு கூப்பிடுவாங்க. எனக்குக் காய்ச்சல்னா மடியில போட்டுட்டு விடிய விடிய உக்காந்திருப்பாரு. அதே ஆள் ஒரு பொய் சொன்னதுக்காக என்னை வாசல்ல நிக்க வெச்சுக் கதவைச் சாத்தினதும் உண்டு.

படகை அந்த வாரமே வித்துட்டாரு. பூட்டு ரிப்பேர் கத்துக்கிட்டு மார்க்கெட் சந்துல ஒரு பெட்டி போட்டு உக்காந்தாரு. எங்க உக்காந்தாலும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்குவாரு. பஸ்ல, கல்யாண வீட்டுல, ஆஸ்பத்திரியில, எங்கயும். ஏதோ கை ஓடிப் போயிடும்கிற மாதிரி. நான் லேப்ல ரத்தம் எடுக்கற வேலை பாக்கறேன். நாள் பூரா யார் கையையாவது புடிச்சுட்டேதான் இருக்கேன். எந்தக் கையைப் பாத்தாலும் இது எதைத் தூக்கியிருக்கும், எதைத் தள்ளியிருக்கும்னு ஒரு நினைப்பு ஓடும். நல்ல வேளை, ஊசி குத்தறப்ப யாரும் என் முகத்தைப் பாக்க மாட்டாங்க.

செஞ்சது சரியாப்பான்னு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன். எழுந்து வெளிய போயிட்டாரு. இருட்டினப்புறம்தான் திரும்பி வந்தாரு.

இல்லக்கா, கூடப் பொறந்தவங்க யாரும் இல்லை. அவங்களுக்குக் குழந்தையே கிடையாது. நான் அவருக்குப் பொறந்தவ இல்லை. அந்த எட்டாவது ஆள் நான்தான். நாலு வயசு. என்னைத் தேடிட்டு ஒருத்தரும் வரலை. எங்க வீட்டுல ஆம்பளைன்னு யாரும் இருந்த மாதிரி ஞாபகமும் இல்லை. ஆஸ்பத்திரியில வந்து என்னைப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனவரு, ஒரு நாள் சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்து, எங்களோட வர்றியா பாப்பான்னு கேட்டாராம். நான் சரின்னு தலையாட்டினேனாம்.

நல்ல மனசுன்னு எல்லாரும் சொல்வாங்க. நல்ல மனசுதானா, இல்லை வேற எதாவதான்னு நான் யோசிக்காத நாள் இல்லை. அவருக்கே தெரியுமோ என்னமோ.

அவர் வரலைக்கா, படுத்த படுக்கையா இருக்காரு. என்னைத்தான் அனுப்பினாரு. போய்ப் பாத்துட்டு வான்னாரு. உன்னைக் கெட்டவனாக் காட்டியிருக்காங்களாம்ப்பா, அதை நான் எதுக்குப் பாக்கணும்னேன். அதை விடு, அவங்க என்ன வேணா காட்டிட்டுப் போகட்டும். அந்தப் பொம்பளையோட முகத்தைக் காட்டறாங்களான்னு மட்டும் பாரு. யார் நடிச்சிருக்கா, மூக்கு எப்படி, நெத்தி எப்படின்னு வந்து சொல்லு. தப்பா இருந்தா, எப்படி இருந்தாங்கன்னு நான் உனக்குச் சொல்றேன்னாரு. இத்தனை வருஷத்துல அந்த முகத்தைப் பத்தி அவர் வாயைத் திறந்ததே இல்லை. நான் கேட்டும் சொன்னதில்லை. இன்னைக்குத்தான் சொல்றேங்கறாரு.

இது வரைக்கும் கையைத்தானேக்கா காட்டினாங்க? வெறும் கையி. இனிமேயாவது முகம் வருமான்னுதான் எழுந்து போகாம உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்லை. அவரை விட்டா அந்த முகத்தை எனக்குச் சொல்ல வேற ஆளும் கிடையாது.

எந்தப் பொம்பளையா? அதாங்கா, கையில அடிச்சாரே, அவங்கதான். என்னைத் தூக்கி அவர்கிட்டக் குடுத்துட்டு, அதுக்கப்புறந்தான் விளிம்பைப் புடிச்சாங்களாம். என் கல்யாணப் பேச்சு வந்தப்ப அவரே கூப்பிட்டுச் சொன்னாரு. என்னைப் பெத்த அம்மா.

உக்காருங்கக்கா. விளக்கு அணைச்சுட்டாங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்.