தலைவரா இழுக்கச் சொன்னாராம்

அவருதான்க்கா. அந்தா, தூணுகிட்ட லாயரோட நிக்கிறாரே, அவரேதான். எங்க தோட்டத்துக் கோயில் தலைவரு, சிவானந்தம். கைய வீசி வீசிப் பேசறதப் பாத்தா இந்தக் கோர்ட்டயே அவருதான் கட்டுனாருன்னு நெனைப்பீங்க. ஆளு செத்த கேஸுக்கா. மூஞ்சியப் பாருங்க, கல்யாண வீட்டுல பந்தி பாக்கற மாதிரி நிக்கிறாரு.

ஆமா லா, பேப்பர்ல வந்துச்சே, தேரு, கரண்டுக் கம்பி. அதேதான்.

எங்க தேரு நல்லா ஒசரம். லயத்து வீட்டு வரிசைப் பக்கம் திரும்புற எடத்துல கம்பி குறுக்க போவுது. அதனால வருசா வருசம் கரண்டு ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லிருவோம். அவங்க நிப்பாட்டிட்டோம்னு சொன்னப்புறம்தான் வடத்தத் தொடணும். தேரு மேல ஒருத்தரு நின்னு, நீட்டு மூங்கிலால கம்பியத் தூக்கிவிடுவாரு. போன வருசம் நின்னது சுகுமாறன். செம்பனை லோரி ஓட்டுவாரு, லெட்சுமி வீட்டுக்காரரு.

அன்னைக்குன்னு தொகுதி வைபி, நாங்க ஓட்டுப் போட்டு அனுப்புனவரு, வந்திருந்தாரு. அவருக்குத் தஞ்சோங் காராங்ல இன்னொரு விருந்தாம், கெளம்பணுமாம். எங்க தலைவருக்குப் பொறுக்குமா? வைபி வடம் புடிக்கணும், பக்கத்துல இவரு நிக்கணும், போட்டோ வரணும். கரண்டு நின்னுச்சான்னு பூசாரி கேக்குறாரு. நின்னுச்சு நின்னுச்சு, இழுங்கடான்னாரு. இழுத்துட்டாங்க. அப்பத்தான் மழ விட்டிருந்துச்சு, மூங்கிலெல்லாம் ஈரம். சுகுமாறன் கத்தக்கூட இல்லக்கா. லெட்சுமி கீழ தேங்காத் தட்டோட நின்னா.

அப்புறம் என்ன பண்ணாருங்கறீங்க? கமிட்டிக் கூட்டம் போட்டாரு! அமெரிக்காவுல பெரிய கோர்ட்டே சொல்லிருச்சாம், நாட்டுத் தலைவரு பதவியில இருந்து செஞ்ச வேலைக்கு அவரு மேல கேஸு போட முடியாதுன்னு. போன்ல வீடியோ பாத்துட்டு வந்து எல்லாருக்கும் பாடம் நடத்துறாரு. இழுங்கடான்னு சொன்னது சிவானந்தம் இல்லியாம், தலைவராம். தலைவரப் புடிச்சு உள்ள வெச்சா நாளைக்கு எவன் தைரியமா முடிவெடுப்பான்னு கேள்வி வேற. பாதிப் பேரு தலைய ஆட்டுறானுங்க. நாட்ட ஆள்றவனுக்குச் சொன்னதே அநியாயங்கறேன் நானு. நாலு லயத்துக்குத் தலைவரு, இவருக்கு எதுக்கு அது? மாலை வாங்கறப்ப மட்டும் நான் நான்னு கழுத்த நீட்டத் தெரியுது. பொணம் விழுந்தா பதவியக் காட்டுறாரு. தூ.

லெட்சுமி வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பாக்கல. போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம்.

அந்த அமெரிக்காக் கதையெல்லாம் இங்க வேகாதுன்னு லாயரு சொல்லிட்டாரு போல. இப்பப் புதுசா ஒண்ணு. கரண்டு நிப்பாட்டியாச்சுன்னு போன் வந்துச்சாம், அத நம்பித்தான் இழுக்கச் சொன்னாராம். போன எடுத்த ஆளே இன்னைக்கு வந்து சாட்சி சொல்லுமாம். போன் வந்தது நெசந்தான். இன்னும் அரைமணி நேரம் பொறுங்கன்னுல்ல சொன்னாங்க. கூட்டத்துல முட்டி மோதிப் போய் அவரு காதுலயே சொல்லியாச்சு. வாய மூடுன்னாரு.

எப்படித் தெரியுமா? நான்தானக்கா போன எடுத்தது. ஆமா, அவரு பொண்டாட்டிதான். காலையில அவரு கார்லதான் வந்தேன். என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு வழி பூரா சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாரு. கல்யாணம் பண்ண நாள்லருந்து கேட்டுக்கிட்ட மாதிரியே ம்ம் ம்ம்னு கேட்டுக்கிட்டேன்.

இருங்க, பேரு கூப்புடுறாங்க. இந்தப் பைய மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? உள்ள போய் நடந்தத நடந்தபடி சொல்லிட்டு வந்துர்றேன். அப்புறம்க்கா, நீங்க சுங்கை ஆயர் தாவாருக்கு பஸ்ஸுலதான போவீங்க? நானும் உங்ககூடவே வர்றேன்.