அந்த ஆட்டம் செல்லும்

சில்லறைக் காசுக்குச் சீட்டாடுகிறவர்களை மிரட்டி மேஜையிலிருந்து எழுப்பவே முடியாது, ஐயா. பெரிய காசு ஆடுகிற இடத்தில் ஒருவன் முகத்தை இறுக்கிக்கொண்டு பணத்தைத் தள்ளினால் எதிரில் இருப்பவன் யோசிப்பான், பயப்படுவான், சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவான். எங்கள் மேஜையில் அந்தக் கதையே கிடையாது. தையல்காரர் "வந்தது வந்துட்டோம், பார்த்துட்டே போவோமே" என்று போடுவார். மெக்கானிக்குத் தன் கையில் இருக்கும் சீட்டே பாதி நேரம் நினைவிருக்காது. அவரும் போடுவார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் அக்காவின் கணவர், என் மாமா, அந்த மேஜையில் இறந்ததை நீங்கள் இந்த ஸ்டேஷனில் மாரடைப்பு, இயற்கை மரணம் என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆட்டம் தெரியாதவருக்கு அந்தத் திருத்தம் விளங்காது. டீ வேண்டாம், நன்றி.

நாங்கள் ஆடுவது போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, பிறர் பார்க்காமல். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அந்த ஐந்தில் முதலில் மூன்றைத் திறப்போம், பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு முறை திறந்த பிறகும் பந்தயம். எல்லாவற்றிலும் சேர்த்து யாருடைய ஐந்து சீட்டு உயர்வோ அவருக்கு நடுவில் உள்ள அத்தனையும். எங்களுக்குக் காசுக்குப் பதில் பொத்தான். ஆட்டம் நடப்பது தையல் கடையின் பின்னறையில், துணி வெட்டும் மேஜையில். அங்கே பொத்தானுக்குப் பஞ்சமில்லை. சட்டைப் பொத்தான் ஒரு மதிப்பு, கோட்டுப் பொத்தான் அதைப்போல ஐந்து மடங்கு. மேஜையில் இருக்கும் பொத்தான் மொத்தத்தையும் காசாக்கினாலும் ஒரு கால்சட்டை தைக்கிற கூலி தேறாது. சிரிக்காதீர்கள். சின்னத் தொகை என்பதால்தான் அங்கே மனிதர்கள் உள்ளபடி இருந்தார்கள்.

கைகளில் ஒரு ரகம் உண்டு. இன்னும் ஆகாத கை. ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு இருக்கும், ஐந்தாவது வந்தால் ராஜாங்கம், வராவிட்டால் குப்பை. எங்கள் மேஜையில் அதை 'வரவேண்டிய கை' என்போம். அதைச் சரியாக ஆடத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, மற்றவர்களைப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். ஒன்றிரண்டு சீட்டை நம்பி உட்கார்ந்திருப்பது பைத்தியக்காரத்தனம். பத்துப் பதினைந்து சீட்டு உதவிக்கு வரும் என்றால் உட்காரத்தான் வேண்டும். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சீட்டு வந்த பிறகு எதிரில் ஒருவர் பந்தயம் கட்டி நமக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆளில்லாமல் சீட்டு மட்டும் வந்து என்ன செய்வது?

மாமா கொடுக்க மாட்டார்.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்த மனிதர். எங்கள் மேஜைச் சட்டமெல்லாம் அவர் போட்டது. தையல்காரரின் சாக்குக்கட்டியை எடுத்து, அடிக்கோல் வைத்து, மேஜையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டிய பொத்தான் பந்தயம், திரும்ப எடுக்க முடியாது. மெக்கானிக் நல்ல சீட்டு வந்ததும் சட்டைப் பையிலிருந்து புதுப் பொத்தான் எடுத்து வைப்பார் என்பதால் இன்னொரு சட்டம்: ஆட்டம் முடியும்வரை யாரும் பையில் கை போடக்கூடாது. எல்லோருக்கும் பொருந்துகிற சட்டம். அவருக்கும்.

என் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு தனி ரசனை இருந்தது. நான் காத்திருந்த சீட்டு வந்த மறுகணம் தன் கையைத் திறந்து காட்டுவார். நல்ல கையாக இருக்கும், வேறு யாராக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, "வந்துடுச்சா மாப்ளே? சந்தோஷம்" என்பார். சீட்டு வராத நாளில் நகரவே மாட்டார், என் பொத்தானையெல்லாம் வாரிக்கொள்வார். எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "வந்ததும் நீ மூச்சை நிறுத்திடறடா" என்றார். அதோடு விட்டாரா? அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால் நான் மூச்சை நிறுத்துவதை நடித்துக் காட்டுவார். என் மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவாள். எனக்கு வயிறு எரியும். நானும் சிரிப்பேன்.

என் வேலை இ.சி.ஜி. எடுப்பது. மார்பில் ஒட்ட வேண்டியதை ஒட்டி, காகிதத்தைக் கிழித்து டாக்டரிடம் கொடுப்பேன். மாமாவுக்கு எடுத்ததும் நான்தான். அடைப்பு இருக்கிறது, ஆப்பரேஷன் வரை ஜாக்கிரதை, மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும், நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா அவரை வாசல்படி தாண்டவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் விட்டாள். "நீ பக்கத்துல இருப்பேல்ல தம்பி, அப்ப எனக்கு பயமில்ல" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்குத் தையல்காரர் சீட்டுப் போட்டார். எனக்குக் கிளாவர் எட்டும் கிளாவர் ஒன்பதும். நடுவில் திறந்த மூன்றில் கிளாவர் ஏழு, கிளாவர் பத்து, கூட ஒரு ரெண்டு. புரிகிறதா, ஐயா? எந்தக் கிளாவர் வந்தாலும் எனக்கு. எந்த ஆறு வந்தாலும், எந்த ஜாக் வந்தாலும் வரிசை கூடும், அதுவும் எனக்கு. மொத்தம் பதினைந்து சீட்டு. இன்னும் இரண்டு சீட்டு திறக்க பாக்கி. வராமல் போவதைவிட வருவதற்கே வாய்ப்பு அதிகம். வரவேண்டிய கையில் இதைவிட உயர்ந்தது அபூர்வம்.

அந்த நேரம் பார்த்து, கால்சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். தையல்காரர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, சீட்டுக்கட்டை என்னிடம் கொடுத்து, "நீயே திற" என்று முன்கடைக்குப் போனார். தெருவில் ஹாரன் அடித்தது. மெக்கானிக்கும் கவிழ்த்துவிட்டுத் தன் வேனை நகர்த்தப் போனார். அறையில் நானும் மாமாவும் மட்டும்.

இந்த மாதிரிக் கையோடு முதலில் பெரிதாகப் பந்தயம் கட்டி அடித்து ஆட வேண்டும் என்பது பொது விதி. எதிரி பயந்து போனாலும் லாபம், நின்றாலும் சீட்டு வரும். ஆனால் நான் அடித்தால் மாமா போய்விடுவார். அவர் போகக்கூடாது என்று நினைத்தேன். அதனால் மேஜையை ஒரு தட்டுத் தட்டி, முறையை அவருக்கு விட்டேன்.

மாமாவின் கை நடுங்கியது. ஆடுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த அடையாளம் அது: பொய்யாட்டம் ஆடுகிறவன் கை ஆடாது, நல்ல சீட்டு வந்தவன் கைதான் ஆடும். நெற்றியில் வேர்வை வேறு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர். நான் ஆட்டக்காரனாகப் பார்த்தேன், இ.சி.ஜி. எடுக்கிறவனாகப் பார்க்கவில்லை. ஞாயிறு எனக்கு விடுமுறை. அடுத்த நொடி அவர் கை பொத்தான் அடுக்கின்மேல் சரிந்தது. அடுக்கு முழுதும் உருண்டு கோட்டைத் தாண்டியது.

"மொத்தமும் போட்டுட்டீங்களா மாமா?" என்றேன்.

"கை தட்டிடுச்சு மாப்ளே."

"தாண்டினது தாண்டினதுதானே. நீங்க போட்ட சட்டம்."

அவர் கோட்டைப் பார்த்தார். நானும் என் பொத்தான் முழுவதையும் நடுவில் தள்ளினேன். இனி அவர் கவிழ்த்துவிட்டுப் போக வழியில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மாமா கடைசிச் சீட்டுவரை என்னோடு உட்கார்ந்தாக வேண்டும். மனசு எவ்வளவு லேசாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

"மாமா, ஆட்டம் முடியலையே. பையில கை போடக்கூடாது."

நான் சத்தம்கூடப் போடவில்லை. எப்போதும் சொல்கிற குரல்தான். அவர் கையை எடுத்துவிட்டார். ஊரிலுள்ள தராசையெல்லாம் நேராக்கிய மனிதர், தன் சட்டத்தைத் தானே மீறினார் என்று பேர் வாங்குவாரா? அந்த ஒழுங்குக்காக நான் அவரை எப்போதும் மதித்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் முன்பு சொன்னதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். இடது தோளைத் தேய்த்தார், தாடையைப் பிடித்துக்கொண்டார், உதடு வெளுத்திருந்தது. நல்ல சீட்டு வந்து தாடையைப் பிடித்துக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். தெரிந்ததும் ஒரு கணக்குப் போட்டேன். தையல்காரரைக் கூப்பிட்டால் ஓடி வருவார், மேஜையை இழுப்பார், சீட்டு கலையும், ஆட்டம் போயிற்று. இரண்டு சீட்டு திறக்க எவ்வளவு நேரமாகிவிடும்?

"நீயே எடுத்துக்கோடா" என்றார் மாமா. "எல்லாத்தையும் எடுத்துக்கோ. அவரைக் கூப்பிடு."

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாருங்கள், அப்போதும் கவிழ்க்கிறார். உயிர் போகிற நேரத்திலும் எனக்குக் கொடுக்காமல் நழுவப் பார்க்கிறார்.

"மொத்தமும் போட்ட பிறகு கவிழ்க்க முடியாது மாமா. ரெண்டே சீட்டு. பார்த்துட்டே போயிடலாம்" என்றேன்.

ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் கட்டின் மேல் சீட்டைப் பார்க்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும், ஏமாற்று வேலைக்கு இடமில்லாமல் இருக்க. கேட்க ஆளில்லாத அறையிலும் அதைச் செய்தேன். மேல் சீட்டை ஒதுக்கினேன், அடுத்ததைத் திறந்தேன். டைமண்ட் நாலு. உதவாது. மாமா தலையை மேஜைமேல் சாய்த்தார். அவர் கன்னம் சாக்குக்கோட்டின்மேல் பட்டுக் கோடு கொஞ்சம் அழிந்தது. முன்கடையில் தையல்காரர், "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க சார், அளவு தப்பாயிடும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது கேட்டது. இப்போது வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மறுபடி ஒன்றை ஒதுக்கினேன், திறந்தேன். கிளாவர் ராணி.

மாமாவின் சீட்டைத் திருப்பினேன். இரண்டு ராஜா. நான் ஜெயித்துவிட்டேன். பிறகு தையல்காரரைக் கூப்பிட்டேன், நல்ல உரத்த குரலில். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்கள். "இப்பத்தான்" என்றேன். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "நல்லவேளை, கடைசி நேரத்துல நீயாவது கூட இருந்த தம்பி. அவரு தனியா போகல" என்றாள். எனக்கும் அழுகை வந்தது, பொய்யழுகை இல்லை. அவளுக்கு ஆட்டம் தெரியாது, எதற்கு விளக்கிக்கொண்டிருப்பது என்று விட்டுவிட்டேன்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. அப்படியில்லை. போன ஞாயிறு மறுபடி ஆடக் கூடினோம். என் பொத்தான் குவியல் எங்கே என்று கேட்டேன். தையல்காரர் அதை டப்பாவில் கொட்டிக் கலந்துவிட்டிருந்தார். "அந்த ஆட்டம் செல்லாதுப்பா. செத்த மனுஷனோட ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்றார். மெக்கானிக் தலையாட்டினார். தன் கையில் என்ன சீட்டு என்று தெரியாத மனிதர் எனக்குத் தீர்ப்பு சொல்கிறார். மாமாவிடமிருந்து நான் வாங்கிய ஒரே ஆட்டம், ஐயா. அதை எப்படி விட முடியும்?

இதற்கு உங்கள் பதிவு ஒன்றுதான் ஆதாரம். ஆள் எப்போது போனார் என்பது அதில் மொட்டையாக இருக்கிறது. அதைத்தான் திருத்த வேண்டும். கடைசிச் சீட்டைத் திறப்பதற்கு முன் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி மெலிவாக இருந்தது, ஆனால் இருந்தது. இன்னும் காப்பாற்றலாம் என்கிற அளவுக்கு இருந்தது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் அந்த அறையில் யாரும் இல்லை. நிச்சயப்படுத்திக்கொண்டுதான் திறந்தேன். சீட்டு விழுந்தபோது மாமா உயிரோடு இருந்தார் என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.