மூடியாச்சா, மாப்பிள்ளை?

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள்... சொல்கிறேன். என் சிநேகிதனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. பாய்லருக்குத் தீ மூட்டும் பர்னரைப் பழுதுபார்க்கிற மெக்கானிக் அவர்.

இரவு ஒன்றேகால். தெருவிளக்குகள் தீர்ந்த பிறகும் நீள்கிற ரோடு. அதன் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். பாய்லர் நின்றுவிட்டது, விடிந்தால் ஆபரேஷனுக்குத் துணி வேண்டும். வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டு, விட்ட தூக்கத்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

மெக்கானிக் பட்டனை ஒருமுறை அமுக்கினார். மோட்டார் உறுமியது... எண்ணெய் சீறியது... பொறியின் சடசடப்பு மட்டும் இல்லை. பத்து விநாடியில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் தானாக நின்றது. கழற்றிப் பார்த்தால், பொறிக் கம்பியைப் பிடித்திருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல். மாற்றினார். இனிப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் டாங்கியடியில் எண்ணெய் வால்வை மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் பொறி எண்ணெயில் பட்டுவிடும்.

இரண்டு ஆள் வேலை அது. வால்வுப் பக்கம் எப்போதும் தங்கையின் புருஷன் நிற்பான். இவர் கேட்பார், அவன் பதில் சொல்வான், அப்புறம்தான் பட்டன். நாலு மாதத்துக்கு முன் ஒரே ஒரு நாள், தூக்கக் கலக்கத்தில், கேட்காமலே அமுக்கிவிட்டார். உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் குப்பென்று பற்றியது. வால்வை மூடப் போய்க்கொண்டிருந்தவன் மேல் பாய்லரின் இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு விழுந்தது; அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அவன்தான் மூட மறந்துவிட்டான் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார், பாவி மனிதர். சொன்னதை மாற்ற அப்புறம் வாய் வரவில்லை.

அந்த வாய்தான் அன்றைக்குப் பழக்க தோஷத்தில் தானாகக் கேட்டது.

“மாப்பிள்ளை, மூடியாச்சா?”

டாங்கிக்குப் பின்னால் ஒரே இருட்டு...

“மூடியாச்சு மச்சான்.”

அமுக்கினார். நீலப் பொறி சடசடவென்று குதித்தது. சந்தோஷத்தில் திரும்பினார்... அப்போதுதான் உறைத்தது.

டார்ச்சோடு போய்ப் பார்த்தார். அவர் தொடவே தொடாத வால்வு இறுக மூடியிருந்தது. கைப்பிடியில் எண்ணெய் ஈரம். கருகிய துணியின் வாடை. அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எப்படியோ பாய்லரை ஓடவிட்டு, விடியும்போது தங்கை வீட்டு வாசலில் நின்றார்.

“அவர் மறக்கலம்மா. நான்தான் கேக்காம அமுக்கிட்டேன்.”

அவள் அழவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“தெரியும்ணா. தினம் ராத்திரி கேஸை மூடப் போனா, அதுக்கு முன்னாடியே மூடியிருக்கு. நான் கேக்கறதே இல்ல... இருட்டுல நின்னு அவரே சொல்றாரு, மூடியாச்சு, மூடியாச்சுன்னு.”