இருவர் எழுதிய ஒரே ஸ்கொலர்ஷிப்

வெள்ளவத்தையில் கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். ஒரே கந்தோரில், அதே ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கண்ணாடி போட்டவளின் மடியில் பாதி எழுதிய விண்ணப்பம் இருந்தது. அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்; நான் கேட்டவை வரிசையாக இவை.

“விண்ணப்பத்தில பள்ளிக்கூட ஸ்கொலர்ஷிப்பை எழுதாமல் விடப்போறன், ராணி.”

“ஏன்டி? முதலாவதா வந்தவள் நீயெல்லே.”

“வந்தனான், வாங்கேல்லையே. உன்ர அப்பா செத்த வருஷம் நீ படிப்பை விடப்போறாய் எண்டு உனக்கு விட்டுத்தந்தனான். இப்ப ரெண்டு பேரும் அந்த ஒரே ஸ்கொலர்ஷிப்பை எழுதினால், ஒருத்தி பொய் சொல்லுறாள் எண்டு கந்தோர் வெள்ளைக்காரத் துரை நினைப்பார்.”

“நினைக்க மாட்டார். முதல்ல சீனியர் பரீட்சையில எடுத்த டிஸ்டிங்ஷனுகளை எழுது. கீழ ஸ்கொலர்ஷிப்பை எழுது.”

“உன்ர விண்ணப்பத்தில?”

“நேற்றே தபாலில போட்டிட்டன். ரெண்டாவதா வந்தனான், முதலாவதா வந்தவ விட்டுத்தந்ததாலதான் கிடைச்சது எண்டு உன்ர பேரோட எழுதியிருக்கிறன்.”

“விசரி. அப்ப வேலை எனக்கெல்லே கிடைக்கும்.”

“ஓம். முதல் சம்பளத்தில ஐஸ்கிரீம் வாங்கித் தா.”

கண்ணாடிக்காரி பேனையை எடுத்து, ஸ்கொலர்ஷிப்பை எழுதத் தொடங்கினாள். முன்னாலேயே கொள்ளுப்பிட்டியில் இறங்க வேண்டிய நான், கேட்டுக்கொண்டே அதை மறந்து, கோட்டையில் அவர்களோடு இறங்கினேன்.