கடைசிப் பத்துப் பேர்

— நான் பத்து நிமிஷம் மூச்சு விடாம பேசினேன். நீ ரெண்டே வரியில முடிச்ச. நாப்பது வாத்தியாரும் எழுந்து வெளியே போயிட்டாங்க. அப்படி என்னத்தடி மொழிபெயர்த்த?

— உங்க பத்து நிமிஷத்துல சரக்கு அவ்வளவுதாங்க இருந்துச்சு.

— விளையாடாதே. இன்னிக்கு பயிற்சியோட கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள இவங்க மதிப்பெண் பட்டியல் கல்வி அலுவலகத்துக்குப் போயாகணும். ஹாலைப் பாரு, காலி நாற்காலியும் கலர் பேனாவும்தான் மிச்சம்.

— அந்தப் பட்டியல்ல கடைசியா வர்ற பத்துப் பேருக்கு வேலை போயிடும். அதைத்தான் சொன்னேன்.

— ஐயோ, அது ரகசியம்!

— யாருக்கு? வேலை போறவங்களுக்கு மட்டுமா?

— நீ மொழிபெயர்ப்பாளர். நான் சொன்னதைச் சொல்லணும். சொல்லாததைச் சொல்லக் கூடாது. ஒரு புரொஃபஷனலிசம் வேண்டாம்?

— இந்த நாட்டுக்கு வந்து மூணு வருஷமாச்சு, இவங்க பாஷையில குடிக்கத் தண்ணி கேக்கத் தெரியாது உங்களுக்கு. புரொஃபஷனலிசமாம். சரி, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு எதுக்கு நூத்துக்கு ரெண்டு?

— பங்கேற்பு பூஜ்யம். மூணு நாளும் பின்வரிசையில தூக்கம். ரெண்டு போட்டதே என் பெருந்தன்மை.

— விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. வந்து உக்காந்தா நீங்க ஒரு வட்டத்தைப் போட்டு அதைச் சுத்தி அம்புக்குறி விடுறீங்க. தூங்காம என்ன செய்வாங்க?

— அது கற்றல் சுழற்சி! இருபத்தாறு நாட்டுல ஒத்துக்கிட்ட முறை!

— இருபத்தாறு நாட்டுலயும் யாராவது தூங்கியிருப்பாங்க. அங்கெல்லாம் மார்க் போட நீங்க இல்ல, அவ்வளவுதான்.

— உனக்குப் பொறாமை. மூணாங்கிளாஸுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவ. என் பக்கத்துல ஒரு மைக் கிடைச்சதும் தலைகால் புரியல.

— ஆமா. பதினோரு வருஷம் சொல்லிக் குடுத்தேன். உங்களுக்கு இந்த வேலை வந்ததும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே வந்தேன் பாருங்க, அப்பத்தான் எனக்குத் தலைகால் புரியல.

— இப்ப அதுவா முக்கியம்? அடுத்த மாசம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். மொத்தமா மண்ணள்ளிப் போட்டுட்ட!

— போடணும்னா போட்டிருப்பேன். வெளியே போறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடி அம்மா எழுந்து ஒண்ணு கேட்டாங்களே, பாத்தீங்கல்ல?

— பாத்தேன். நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

— ‘இவர் எத்தனை வருஷம் வகுப்பு எடுத்திருக்கார்?’னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— ஒரு நாள்கூட இல்லைன்னு சொல்ல வாய் வரல. எவ்வளவு ஆத்திரமா இருந்தாலும், நாப்பது பேர் முன்னாடி புருஷனை எப்படி விட்டுக்குடுக்கிறது? என் பதினோரு வருஷத்தையும் எடுத்து உங்க பேர்ல போட்டுட்டேன்.

— அப்பாடா! மூணு நாள்ல உருப்படியா ஒண்ணு மொழிபெயர்த்திருக்க. பின்ன எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனாங்க?

— கோவமெல்லாம் இல்லீங்க. ‘இவ்வளவு அனுபவம் உள்ளவர் ஒரு மணி நேரம் நடத்திக் காட்டட்டும், நாங்க பின்வரிசையில உக்காந்து பாக்குறோம், அப்புறம் எங்களுக்கு மார்க் போடட்டும்’னு சொல்லிட்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காங்க.

— அங்க எதுக்கு?

— மாடிப்படியில சத்தம் கேக்குதா? அறுபத்தெட்டுப் பிள்ளைங்க.