அடையாள அணிவகுப்பு

இல்லையக்கா, பயப்பிட ஒண்டுமில்லை. அடையாள அணிவகுப்பெண்ட உடனை ஏதோ பட்டாளம் நடக்கிறதெண்டு நினைச்சுப்போட்டியள் போலை. ஆளைப் பிடிச்ச பிறகு, நீதவான் கோட்டிலை ஒரே வயசு, ஒரே உயரப் பெடியளை வரிசையா நிப்பாட்டுவினம். அதுக்குள்ளை நீங்கள் கண்டவனும் நிப்பான். நீங்கள் போய்த் தோளிலை கை வைச்சு, இவன்தான் எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்.

ஓம், தொட்டுத்தான். நீதவான் ஐயா தன்ரை பாட்டிலை எழுதிக்கொண்டிருப்பார்.

இந்தாங்கோ, கச்சான் கடலை எடுங்கோ. விரதமே? சரி, சரி.

எனக்கெப்பிடித் தெரியுமெண்டோ? நான் கோடு ஏறி இறங்கின ஆள். இண்டைக்கும் அங்கைதான் போறன். எந்த ஊரெண்டு பிறகு சொல்லுறன். நீங்கள் மானிப்பாயெண்டு ஏறி இருந்த உடனையே சொன்னியள். உங்கடை மனுசன் பஞ்சலிங்கம் அண்ணைக்கு வாள்வெட்டு, ரெண்டு விரல் துண்டாப் போட்டுது, பெரியாஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோறன் எண்டும் சொன்னியள். எங்கடை சனம் உப்பிடித்தானே, பஸ்ஸிலை பக்கத்திலை இருக்கிறவனுக்குக் குடும்பக் கதை முழுக்கச் சொல்லிப்போடும். வெட்டினவன்ரை முகத்துத் துணி அவிண்டதையும், லைற் வெளிச்சத்திலை நீங்கள் வடிவாக் கண்டதையும் நான் கேக்காமலே சொன்னியள். உங்களைப் பாக்க எனக்கு உண்மையா அந்தரமாக்கிடக்கு.

ஓமோம், அண்ணை எங்கை கண்டது, அவர் முதல் வெட்டோடையே குப்புற விழுந்திட்டாரல்லே. கண்ட சாட்சி நீங்கள் ஒராள்தான்.

நீங்கள் சொல்லேல்லையோ? சொன்னியள் போலை.

உதிலை ஒரு விசயம் இருக்கு. பொலிசு உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும். வெட்டின நாளுக்கும் அணிவகுப்புக்கும் இடையிலை நீங்கள் அவனை வேறை எங்கையும் காணக்கூடாது. படத்திலையும் பாக்கக்கூடாது. அதுக்குத்தான் பிடிச்சவனைத் துவாயாலை முகத்தை மூடிக் கூட்டிக்கொண்டு வாறவை. இடையிலை கண்டிட்டியளெண்டால், பிறகு காட்டினாலும் பெறுமதியில்லை. வாளோடை கண்ட முகத்தைக் காட்டுறியளோ, பிறகு கண்ட முகத்தைக் காட்டுறியளோ எண்டு அவன்ரை லோயர் கேப்பார். என்ன சொல்லுவியள்?

ஏன் எழும்புறியள்? இருங்கோ, இப்பதானே ஓட்டுமடம், ஆஸ்பத்திரிக்கு இன்னும் கிடக்கு.

தாடி நேற்றுத்தான் எடுத்தனான். அதுதான் உங்களுக்கு என்னை மட்டுக்கட்ட இவ்வளவு நேரம் போட்டுது.

சத்தம் போடாதையுங்கோ அக்கா. நான் உங்களை வெருட்டினனானே? ஒரு கூடாத சொல்லுச் சொன்னனானே? இண்டைக்கு லோயரோடை போய்க் கோட்டிலை சரணடையப்போறன். அடுத்த கிழமை உங்களைக் கூப்பிடுவினம். கட்டாயம் வாங்கோ. வந்து என்னையே காட்டுங்கோ, தோளிலை நல்லாக் கை வையுங்கோ. அதிலை பிழையில்லை, நான்தானே.

முன் சீற்றிலை இருக்கிறவன் எங்கடை ஆள். நாங்கள் கதைச்சதைப் போனிலை, சத்தம் விழாமல் படம் மட்டும், வீடியோ எடுத்து வைச்சிருக்கிறான். கொண்டக்டரும் பாத்தவர். லோயர் கேக்கேக்கை, ஓம், பஸ்ஸிலை பக்கத்திலை இருந்து முகம் பாத்துக் கதைச்சுக்கொண்டு வந்தனான் எண்டு உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ. கோட்டிலை பொய் சொல்லக்கூடாது.