பேர் சொல்லாதது

ராகியை முளைகட்டுவதில் மட்டும் அவசரம் கூடாது, சிந்தியா மேடம். பெங்களூர்க் குளிருக்கு முளை மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும். துணியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தால் புளித்த வாடை வந்துவிடும். என் மனைவி ருக்மிணி அப்படித்தான் பார்ப்பாள். நான் அரசாங்கத்தில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காத்திருக்கத் தெரியும்.

தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டராக நீங்கள் வாய்த்தது நல்லதாகப் போயிற்று. கன்னடத்திலும் சொல்லுவேன், ஆனால் சத்துமாவு விஷயம் எனக்குத் தமிழில்தான் சரளமாக வரும்.

ஓய்வு பெற்றதும், மல்லேஸ்வரத்தில் எங்கள் அடுக்ககத்துக் குழந்தைகளுக்கு வீட்டுச் சத்துமாவு செய்து கொடுப்பதென்று தீர்மானித்தேன். ராகி, பச்சைப்பயறு, புழுங்கலரிசி, பொட்டுக்கடலை, ஏலக்காய். வறுப்பதும் மில்லுக்குத் தூக்கிப்போவதும் ருக்மிணி. கொள்கை என்னுடையது. டப்பாவில் ஒட்டும் சீட்டில் 'கலப்படமற்றது' என்று எழுதியது நான்தான். இலவசம் என்பதையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

முதல் டப்பா முதல் மாடி ஸ்னேஹாவுக்குப் போனது. சில நாளில் பாதி டப்பாவோடு லிஃப்டில் என்னைப் பிடித்தாள்.

"ஸாரி அங்கிள், பாப்பா துப்பிட்றா. தூங்கறதும் இல்ல, ஒரே அழுகை. நான் கடை மாவுக்கே போய்ட்றேன்."

லிஃப்டில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

எனக்குத் தும்மல் உபத்திரவம் உண்டு. அதற்கு டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும். வண்டி ஓட்டாதே என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். பெரியவனுக்கு ஒன்று என்றால் குழந்தைக்கு எவ்வளவு என்பது சாதாரண வகுத்தல் கணக்கு.

அதற்கப்புறம் டப்பா வாங்கிய வீடுகளில் எல்லாம் குழந்தைகள் தூங்கின. வாட்ஸப் குழுவில் கைகூப்புகிற படங்களாக வந்து விழுந்தன. ஸ்னேஹாகூடத் திரும்பி வந்தாள்.

இதில் என்ன ரகசியம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் பொய் சொல்கிறவன் அல்ல. "ஒரு சாமானுக்கு மட்டும் பேர் சொல்லக்கூடாது" என்றேன். தமிழ்க்காரர்கள் உடனே தலையாட்டினார்கள். வசம்பைத்தானே நம்மவர்கள் பேர் சொல்லாதது என்பார்கள். எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பெண், "பஜேனா அங்கிள்?" என்று அதன் கன்னடப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். சிரித்தேன். சிரிப்பு சாட்சியமாகாது. சீட்டின் கடைசி வரியாக 'பேர் சொல்லாதது, சிறிதளவு' என்று சேர்த்தேன். ஐடி கம்பெனிப் பிள்ளைகளுக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. நம் மரபு, நம் மரபு என்று படமெடுத்துப் போட்டார்கள். வசம்பை நான் வாங்கியதே இல்லை.

ருக்மிணிக்குத்தான் குறுகுறுப்பு. "ஏன்னா, வசம்பைச் சுட்டு இழைச்சு நாக்குல துளி தடவுவா. மாவுல யாரு போடுவா? அதுவும் நம்மாத்துல வசம்பே கிடையாதே."

"நீ வறு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஆபீஸ்லயும் இதையேதான் சொல்லிண்டிருந்தேள். அங்கே ஃபைல்தான் தூங்கித்து."

மூன்றாம் மாடி ராதா ஈரோட்டுப் பக்கத்துப் பெண். கணவன் அர்ஜுனன். ஏழு மாதப் பையன், நிலவன். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலையைத் தொடங்க வேண்டிய வாரம் அது. "பகல்ல செத்த நேரம் தூங்குனாப் போதுமுங்க அங்கிள், மீட்டிங்க முடிச்சுருவேன்" என்றாள்.

மாத்திரைப் பொடியை மாவோடு சேர்த்து நன்றாகச் சலிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் தங்கிவிடும். எப்போதும் சலிப்பேன். அன்று குடியிருப்போர் சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தி 'மரபுக் காவலர்' என்று பட்டம் கொடுக்கிற விழா. தலைவர் பத்ரிநாத் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். சலிக்காமலே டப்பாவை நிரப்பினேன். அது ராதாவுக்குப் போயிற்று.

மறுநாள் மத்தியானம் தூங்கிய குழந்தை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எல்லோரும் ஓடினோம். டாக்டர் க்ளென் இளவயசுக்காரர், தன்மையாகத்தான் கேட்டார். "அங்கிள், பவுடர்ல என்னென்ன இருக்கு? எதுவானாலும் சொல்லிடுங்க. தெரிஞ்சா எங்களுக்கு ட்ரீட்மென்ட் ஈஸி."

பக்கத்தில் பத்ரிநாத் நின்றார். சங்கத்துக்காரர்கள் நின்றார்கள். ராகியிலிருந்து வரிசையாகச் சொன்னேன். கடைசியில், "இன்னொண்ணு இருக்கு. அதுக்குப் பேர் சொல்றதில்லை" என்றேன்.

டாக்டர் விழித்தார். ராதாதான் அழுதுகொண்டே குறுக்கிட்டாள். "வசம்புங்க டாக்டர். எங்க ஊர்லயும் குடுக்கறதுதானுங்க. அங்கிள் தப்பா ஒண்ணும் போடமாட்டாருங்க."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு போனார். வசம்பை நினைத்துத்தான் வைத்தியம் நடந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கேள்வி என்னிடம் வந்தது, பதில் தாயிடமிருந்து வந்தது. பெற்றவளை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை. மாத்திரை அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருட்டும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார். ஒருமுறை நின்று என் முகத்தைப் பார்த்தார். "நன்னா கவனிங்கோ டாக்டர்" என்றேன். அதற்குச் சற்று நேரம் கழித்துக் குழந்தை போய்விட்டது.

ரத்தப் பரிசோதனையில் வந்த பெயர் சரிதான். அந்த மாத்திரைதான். பொடி செய்ததும் கலந்ததும் நான். ருக்மிணிக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் ராதா கண்ணை மூடவில்லை. "மூடுனா அவன் கூப்பிடற மாதிரியே இருக்குதுங்க அங்கிள்" என்றாள். பார்க்கப் பொறுக்கவில்லை. நானே கஞ்சி காய்ச்சி, பெரியவர்களுக்கு உண்டான அளவில் கலந்து எடுத்துப்போனேன். யார் கொடுத்தும் தண்ணீர்கூட வாங்காதவள், நான் நீட்டினதும் வாங்கிக் குடித்தாள். அசந்து தூங்கிவிட்டாள். அர்ஜுனன் வாசல்வரை வந்து என்னைக் கும்பிட்டான். அந்தப் பிள்ளைகளுக்கு என்மேல் ஒரு குறையும் கிடையாது மேடம். வேண்டுமானால் கூப்பிட்டுக் கேளுங்கள்.